அட்வான்ஸ் பணம் இப்ப எங்கே சார் இருக்கு?

ரெண்டு மாசமா இந்தப் பக்கமே வரவில்லை. ஆபீஸில் ஆணி அதிகம் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் உண்மை அதுவல்ல. வீடு தேடிக்கொண்டிருந்தேன். சென்னையில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இதுக்கு மேல் விளக்கம் தேவையில்லை. தேடாத புண்ணியவான்கள் அப்பா கட்டிய வீட்டு மொட்டை மாடியில் காத்தாட உட்கார்ந்து இதைப் படிக்கவும்.

நாங்கள் ஆறு வருஷமாய் ஆதம்பாக்கத்தில் ஒரே வீட்டில் குடித்தனம். போன தீபாவளிக்கு அடுத்த வாரம் ஓனர் மேலே வந்தார். காபி குடித்தார். "சார், பையன் அமெரிக்காலேர்ந்து ஒரேடியா வந்துடறான். வீடு தேவைப்படுது, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். தப்பா எடுத்துக்க என்ன இருக்கு? அவர் வீடு, அவர் பிள்ளை. சரி சார் என்று சொல்லிவிட்டு அந்த ஞாயிற்றுக்கிழமையே வண்டியை எடுத்தேன்.

பையன் பத்தாவது படிக்கிறான், ஸ்கூல் நங்கநல்லூரில். அதனால் தேடும் எல்லை ஆதம்பாக்கம், நங்கநல்லூர், பழவந்தாங்கல், மிஞ்சிப் போனால் மடிப்பாக்கம். பட்ஜெட் 20,000. தங்கமணி போட்ட கண்டிஷன் ரெண்டே ரெண்டு. தண்ணி வரணும், கிச்சன்ல ரெண்டு பேர் இடிச்சுக்காம நிக்கணும். ரெண்டும் சேர்ந்த வீடு இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவ்வளவு அபூர்வம் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஒன்பது ஞாயிறு, முப்பத்தியொரு வீடு. ஒரு வீட்டில் ரெண்டாவது பெட்ரூம் என்று காட்டியதில் கட்டிலைப் போட்டால் கதவு மூடாது. இன்னொரு வீட்டில் 'கவர்டு கார் பார்க்கிங்' என்பது மாடிப்படிக்குக் கீழே என் டூ வீலர்கூட வளைந்து நெளிந்து போக வேண்டிய இடம். மடிப்பாக்கத்தில் ஒருவர் "2015 வெள்ளத்துலயே நம்ம வீட்ல முழங்கால் அளவுதான் சார்" என்று பெருமையாகச் சொன்னார். அவ்வ்வ்வ்.

வழக்கமான கேள்விகளும் உண்டு. "வெஜ்ஜா நான்வெஜ்ஜா?" "நீங்க என்ன ஆளுங்க?" "கெஸ்ட் நிறைய வருவாங்களா?" இதில் முதல் கேள்விக்கு நான் பதில் சொன்ன உடனேயே ஆறு வீட்டின் கதவு மூடிக்கொண்டது. என் ஆபீஸ் நண்பர் ஒருவர், பேரைக் கேட்டாலே மதம் தெரிந்துவிடும், அவர் ஃபோனிலேயே திருப்பி அனுப்பப்படுகிறார். அரசியல் சட்டத்தின் 15(2)-ஆம் உட்பிரிவில் கடை இருக்கு, ஓட்டல் இருக்கு, கிணறு, குளம், சாலைகூட இருக்கு. வாடகை வீடு இல்லை. அதைப் பற்றித் தனியாக ஒரு நாள் வயிறு எரியலாம்.

இன்றைக்குச் சொல்ல வந்தது வேறு. நான் பார்த்த முப்பத்தியொரு வீட்டு ஓனர்களில் எல்லாச் சாதியும் இருந்தது, எல்லா மதமும் இருந்தது. கட்சி வேறு, கோயில் வேறு, சாப்பாடு வேறு. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒரு ஒற்றுமை.

"அட்வான்ஸ் பத்து மாசம் சார்."

*

இருபதாயிரம் வாடகைக்கு ரெண்டு லட்சம் அட்வான்ஸ். இது நமக்குப் பழகிவிட்டது. டெல்லியிலிருந்து மாற்றலாகி வந்த என் சக ஊழியர் இதைக் கேட்டுவிட்டு, "பத்து பர்சன்ட்டா?" என்று திருப்பிக் கேட்டார். இல்லை ஐயா, பத்து மடங்கு.

இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கு பிடிக்காதவர்கள் அடுத்த நட்சத்திரத்துக்குத் தாவலாம் :)

நடுத்தரக் குடும்பத்தில் ரெண்டு லட்சம் சும்மா பீரோவில் தூங்காது. பர்சனல் லோன் போடுகிறோம். வட்டி 14 சதவீதம் என்று வைத்தால் வருஷத்துக்கு 28,000. மாசத்துக்கு 2,333. புரோக்கருக்கு ஒரு மாச வாடகை. காலி பண்ணும்போது 'பெயிண்டிங் சார்ஜ்' என்று ஒரு மாச வாடகையை அட்வான்ஸிலேயே பிடித்துக்கொள்வார்கள். ரெண்டு வருஷம் அந்த வீட்டில் இருந்தால் இந்த ரெண்டுக்கும் மாசத்துக்கு 833 வீதம் 1,666. எல்லாம் சேர்த்தால் மாசம் நாலாயிரம். போர்டில் எழுதியிருப்பது 20,000. நீங்கள் கொடுப்பது 24,000. மெயின்டனன்ஸ், தண்ணி லாரி, ஈபி எல்லாம் இதில் சேர்க்கவில்லை.

சரி, கையில் பணம் இருக்கிறவருக்கு? அவருக்கும் நஷ்டம்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்த ஆதம்பாக்கம் வீட்டுக்கு 15,000 வாடகையில் வந்தபோது ஒன்றரை லட்சம் கொடுத்தேன். பேங்க்கில் 7 சதவீதத்துக்குப் போட்டிருந்தால் சாதா வட்டியே 63,000 வந்திருக்கும். எனக்கு வரப்போவது அதே ஒன்றரை லட்சம், அதிலும் பெயிண்டிங் பிடித்தம் போக. பிடித்தம் மட்டும் பழைய வாடகைக்குக் கிடையாது, இன்றைய வாடகைக்கு. அதில் மட்டும் ரொம்பத் தெளிவாக இருப்பார்கள்.

இதெல்லாம் நம்மைப் போன்ற மாசச் சம்பளக்காரன் புலம்பல். இன்னும் கீழே போய்ப் பாருங்கள். எங்கள் ஆபீஸில் கேப் ஓட்டும் தம்பி ஒருவருக்குக் கல்யாணமாகி, ஏழாயிரம் வாடகையில் ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு பார்த்தார். அட்வான்ஸ் 70,000. அவருக்கு எந்த பேங்க் பர்சனல் லோன் கொடுக்கும்? மூணு வட்டிக்கு வாங்கினார். மூணு வட்டி என்றால் மாசத்துக்கு நூற்றுக்கு மூணு ரூபாய். 70,000-க்கு மாசம் 2,100. அசல் அப்படியே நிற்கும். ஏழாயிரம் வாடகை வீட்டில் அவர் 9,100 கொடுத்துக் குடியிருக்கிறார். எனக்கு அட்வான்ஸால் மாசச் செலவு ஒரு பங்கு ஏறினால் அவருக்கு ரெண்டரைப் பங்கு ஏறுகிறது. மாசா மாசம் ஏழாயிரம் ஒழுங்காகக் கொடுக்க அவரால் முடியும். மொத்தமாக எழுபதாயிரம்தான் முடியாது. இந்த ஊரில் வீடு கிடைக்காத பலருடைய பிரச்சினை வாடகை இல்லை சார், வாசலிலேயே நிற்கும் இந்த மொத்தத் தொகை.

*

எங்கள் மதுரைப் பக்கம் ஒத்தி என்று ஒன்று உண்டு. சென்னையில் போக்கியம் என்பார்கள், இப்போது ஸ்டைலாக 'லீஸ்'. ஒரு பெரிய தொகையை ஓனர் கையில் கொடுத்துவிட்டால் சொன்ன காலம் வரை அந்த வீட்டில் இருக்கலாம். வாடகை கிடையாது. பணத்துக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை, கணக்கு நேர். காலம் முடிந்ததும் பணம் இந்தப் பக்கம், சாவி அந்தப் பக்கம். அதிலும் ஏமாற்று வேலை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. இது உன் பணம், இதை நான் உபயோகிக்கிறேன், அதற்குப் பதில் நீ என் வீட்டை உபயோகி என்று வெளிப்படையாகச் சொல்லிச் செய்கிற வியாபாரம்.

இந்த பத்து மாச அட்வான்ஸ் என்ன? ஒத்தி மாதிரி மொத்தப் பணமும் வேண்டும், மாசம் பிறந்தால் வாடகையும் வேண்டும். கேட்டால் 'செக்யூரிட்டி' என்பார்கள்.

செக்யூரிட்டி என்றால் என்ன அர்த்தம்? வாடகை பாக்கி வைத்தாலோ வீட்டை உடைத்தாலோ எடுத்துக்கொள்ள ஒரு தொகை. எடுக்க வேண்டிய அவசியம் வராத வரைக்கும் அது என் பணம், அவரிடம் பத்திரமாக இருக்க வேண்டும். இருக்கிறதா? போன மாசம் எங்கள் ஓனரிடம், "சார், புது வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கணும், நம்ம பணம் எப்ப கிடைக்கும்?" என்று கேட்டேன். வழக்கமாக எல்லா ஓனரும் சொல்லும் வசனம் உங்களுக்கே தெரியும். "அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் குடுத்ததும் வாங்கி அப்படியே உங்க கைல குடுத்துடறேன்." ஆனால் இங்கே அடுத்த ஆள் அவருடைய சொந்தப் பிள்ளை! பிள்ளையிடம் அட்வான்ஸ் கேட்க முடியுமா? கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தார். "மூணு தவணையா குடுத்துடறேன் சார்" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. என் மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது வாசலில் ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தவர் அவர். ஆனால் என் ஒன்றரை லட்சம் அவரிடம் இல்லை. எனக்கு முன்னால் இருந்த குடித்தனக்காரருக்குத் திருப்பிக் கொடுக்க அது போய்விட்டது. அவர் கொடுத்தது அவருக்கு முன்னால் இருந்தவருக்குப் போனது. இப்படியே பின்னால் போனால், வீடு கட்டிய புதிதில் வந்த முதல் குடித்தனக்காரர் கொடுத்த பணத்தில் ஒரு ஓவர்ஹெட் டேங்கோ மகள் கல்யாணத்துக்கு ரெண்டு பவுனோ வாங்கியிருப்பார்கள். அதற்கப்புறம் வந்த ஒவ்வொருவரும் நமக்கு முன்னால் இருந்தவரின் கடனை அடைத்துவிட்டு, நமக்குப் பின்னால் வருபவனை எதிர்பார்த்துக்கொண்டு குடியிருக்கிறோம். சீட்டுக் கம்பெனியில் இப்படி நடந்தால் போலீசில் புகார் கொடுப்போம். வீட்டில் நடந்தால் 'ஊர் வழக்கம்'.

*

சட்டம் என்ன சொல்கிறது? கேட்டால் சிரிப்பீர்கள்.

1960-இல் போட்ட தமிழ்நாடு கட்டடங்கள் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ஒரு மாச வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது என்று இருந்தது. ஒரே ஒரு மாசம்! அந்தச் சட்டம் அமலில் இருந்த காலத்தில்தான் நாமெல்லாம் பத்து மாசம் கொடுத்துப் பழகினோம்.

அதை எடுத்துவிட்டு 2017-இல் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் அமல். வாடகைதாரர், உரிமையாளர் இரண்டு பேருடைய உரிமைகளும் பொறுப்புகளும் என்று நீளமான பெயர். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி போக மீதி டெபாசிட்டைத் திருப்பித் தர வேண்டும். டெபாசிட் மூணு மாச வாடகைக்கு மேல் வாங்குவது சட்டவிரோதம்.

ஆஹா என்று கைதட்டப் போகிறீர்களா? இருங்கள். அந்த வாக்கியம் தொடங்கும் இடத்திலேயே ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் ஒழிய, மூணு மாசத்துக்கு மேல் கூடாதாம். அதாவது நீங்களும் ஓனரும் 'மனமொத்து' பத்து மாசம் என்று கையெழுத்துப் போட்டால் சட்டத்துக்கு ஆட்சேபணை இல்லை. சாவி ஒருத்தர் கையில், லாரியில் சாமான் இன்னொருத்தர் கையில். இதில் மனமொத்து என்ன வேண்டிக்கிடக்கு? மத்திய அரசு 2021-இல் ஒரு மாதிரி வாடகைச் சட்டம் வெளியிட்டது. அதில் குடியிருப்பு வீடுகளுக்கு டெபாசிட் ரெண்டு மாசம்தான் உச்சவரம்பு. மாதிரிச் சட்டம் என்பது மாநிலங்கள் விரும்பினால் பின்பற்றலாம் என்கிற ரகம், அதனால் அதை நீட்டி இங்கே யாரையும் மடக்க முடியாது.

ஒரு வீட்டில் நான் இந்த மூணு மாசக் கணக்கைச் சொன்னேன். ஓனர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க வக்கீலா?" என்றார். இல்லை என்றேன். "வக்கீலுக்கும் நாங்க வீடு குடுக்கறதில்லை" என்று கேட்டைச் சாத்தினார். (அது உண்மைதான், சென்னையில் வக்கீலுக்கும் போலீசுக்கும் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு.)

*

இப்போது ஓனர்கள் தரப்பு. எழுதும்போதே காதில் விழுகிறது.

"காலி பண்ண மாட்டேன்னு உட்கார்ந்துட்டா நாங்க என்ன பண்றது? கோர்ட்டுக்கு அலையறது யாரு?" உண்மையான பயம். பழைய சட்டத்தில் நியாய வாடகை வழக்கு என்று இருபது வருஷம் இழுத்த கதையெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் யோசியுங்கள். இருபது வருஷம் இழுக்கிறவனைப் பத்து மாச அட்வான்ஸ் என்ன செய்யும்? பதினோராவது மாசம் அதுவும் தீர்ந்துவிடும். அந்தப் பயத்துக்கு மருந்து பதிவு செய்த ஒப்பந்தம். புதுச் சட்டத்தில் நியாய வாடகை என்ற சமாச்சாரமே கிடையாது. ஒப்பந்தத்தில் எழுதியதுதான் வாடகை. பாக்கி வைத்தால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். ஓனர்கள் கேட்டது பெரும்பாலும் அதில் இருக்கிறது. ஆனால் பதிவு செய்யலாமா என்றால் பின்வாங்குகிறார்கள். பதிந்தால் வாடகை வருமானம் வெளியே தெரிந்துவிடும் அல்லவா? பான் நம்பர் கேட்டாலே பாதிப் பேர் முகம் மாறுகிறது. வரியிலிருந்து ஒளிய வேண்டும், அதனால் சட்டம் தரும் பாதுகாப்பு வேண்டாம், அந்தப் பாதுகாப்புக்குப் பதில் குடித்தனக்காரன் வட்டியில்லாமல் ரெண்டு லட்சம் தர வேண்டும். நல்லா இருக்கு நியாயம்.

"வீட்டை நாசம் பண்ணிட்டா?" மூணு மாச வாடகைக்கு மேல் ஒருவர் வீட்டை நாசம் பண்ணி நான் இன்னும் பார்க்கவில்லை. சுவரில் ஆணி அடித்ததற்கும் பிள்ளை கிறுக்கியதற்கும் பெயிண்டிங் சார்ஜ் தனியாகப் பிடிக்கிறீர்களே, அப்புறம் இது எதுக்கு?

"பிடிக்கலைன்னா வராதீங்க. ஆயிரம் பேர் வர்றான்." இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆயிரம் பேர் வருவது உண்மைதான். ஆனால் இதைச் சொல்பவர்கள் 'செக்யூரிட்டி' என்ற வார்த்தையை விட்டுவிட்டு, வாங்க முடிகிறது அதனால் வாங்குகிறேன் என்று நேராகச் சொல்லிவிட்டால் நானும் இவ்வளவு நீளம் எழுத வேண்டியதில்லை.

*

இதோடு முடித்திருந்தால் நான் ரொம்ப நல்லவன். முடிக்க முடியவில்லை. ஏனென்றால் நானும் ஒரு ஓனர்.

2014-இல் ஊரப்பாக்கத்தில் லோன் போட்டு ஒரு சின்ன ஃப்ளாட் வாங்கினேன், ஒரே பெட்ரூம். பையன் ஸ்கூல், என் ஆபீஸ் எல்லாம் இந்தப் பக்கம் என்பதால் அங்கே நாங்கள் குடிபோகவே இல்லை. வாடகைக்கு விட்டிருந்தேன். எட்டாயிரம். அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்காதீர்கள். சரி, கேளுங்கள். எண்பதாயிரம்.

மறைமலை நகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட்டில் வேலை பார்த்த தம்பி ஒருவர், மனைவி, கைக்குழந்தை. நாலு வருஷம் இருந்தார்கள். மாசம் அஞ்சாம் தேதி டாணென்று வாடகை வந்துவிடும். எங்கள் ஓனர் வந்து காபி குடித்துப் போன மூணாவது வாரம் அந்தத் தம்பி ஃபோன் செய்தார். கான்ட்ராக்ட் முடிஞ்சிருச்சு, அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சிருக்காங்க, திருவண்ணாமலைக்கே போயிடறோம், மாசக் கடைசியில் சாவி தர்றேன். "அட்வான்ஸ் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் கிடைச்சா நல்லா இருக்கும்ணே."

நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. "தாராளமா தம்பி. அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் குடுத்ததும் அப்படியே உங்களுக்கு அனுப்பிடறேன்."

அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமில்லை. அப்புறம், "சரிண்ணே" என்றார். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஃபோனை வைத்ததும் தங்கமணி ஹாலிலிருந்து, "நம்ம ஓனர் சொல்ற மாதிரியே சொல்றீங்க. அந்த 'அப்படியே' கூட விடலை" என்றாள். கிண்டல் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அந்த எண்பதாயிரம் எங்கே போனது? கொஞ்சம் இந்த ஆதம்பாக்கம் வீட்டுக்கு வாடகை ஏறியபோது கூடுதல் டெபாசிட் என்று கேட்டாரே, அதில். கொஞ்சம் பையன் ஸ்கூல் ஃபீஸில். மீதி எங்கே என்று எனக்கே ஞாபகமில்லை. ஒருத்தர் பெண்டாட்டி வளையலை வைத்துக் கொடுத்த பணம் அது, இதை அவரே பின்னால் சொன்னார். அது எங்கே போனது என்று எனக்கு ஞாபகம்கூட இல்லை. அந்த வாரம் முழுக்க என் ஓனரைத் திட்டி மனசுக்குள் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தவன் நான்.

கடைசியில் தங்கமணியின் ரெட்டை வடச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. அவளேதான் கழற்றிக் கொடுத்தாள். மாசக் கடைசியில் அந்தத் தம்பி சாவியைக் கொடுத்தபோது எண்பதாயிரத்தையும் கையில் கொடுத்தேன். பெயிண்டிங் பிடிக்கவில்லை. நான் பெரிய தர்மப் பிரபு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் பணத்தை அவருக்குத் திருப்பிக் கொடுக்க நான் நகையை அடகு வைக்க வேண்டியிருந்தது என்றால் நாலு வருஷமாக நான் செய்துகொண்டிருந்தது என்ன? எண்ணிப் பார்க்காமல் ரெண்டு தரம் பைக்குள் வைத்தார். "ரொம்ப நன்றிண்ணே" என்றார். அவருடைய பணத்தைக் கொடுத்ததற்கு எனக்கு நன்றி! அந்த நன்றியை வாங்கிக்கொண்டு லோக்கல் டிரெயினில் திரும்பி வந்தேன்.

இப்போது அந்த ஃப்ளாட்டுக்கு வேறு ஒரு குடும்பம் வந்திருக்கிறது. மூணு மாச அட்வான்ஸ், 24,000. எழுத்தில் ஒப்பந்தம், பதிவும் செய்தாயிற்று. அந்த 24,000 தனியாக ஒரு கணக்கில் கிடக்கிறது, அதன் ஏடிஎம் கார்டு தங்கமணியிடம். என் மச்சான், "உலகத்துல இல்லாத ஆளு நீங்க, அம்பத்தாறாயிரம் போச்சே" என்கிறார். போகவில்லை. அது எப்போதும் என்னுடையதாக இருந்ததில்லை.

*

எனக்கு வீடு கிடைத்ததா? கிடைத்தது. பழவந்தாங்கலில், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். ஓனர் ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா. வாடகை 21,000. எட்டு மாசம் கேட்டார். உட்கார்ந்து பேசினேன். பதிவு செய்யலாம்மா, வாடகை லேட்டானா நீங்க கேஸ் போட வழி இருக்கு, என்று என் ஊரப்பாக்கம் ஒப்பந்தத்தையே எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். அஞ்சுக்கு இறங்கினார். மூணுக்கு இறங்கவில்லை. "முன்ன இருந்தவாளுக்கு நான் திருப்பித் தரணுமேப்பா" என்றார், மறைக்காமல். முப்பத்தியொரு வீட்டில் உண்மையைச் சொன்ன ஒரே ஓனர்.

அதனால் ஒரேயடியாக ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். சட்டத்தில் இருக்கிற அந்த 'ஒப்பந்தம் செய்துகொண்டால் ஒழிய' என்ற ஓட்டையை அடைக்காத வரைக்கும் ஒரு தனி ஆள் பேரம் பேசி அஞ்சுக்கு இறக்கலாம், அவ்வளவுதான். அதைக்கூட சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு, ஆபீஸ் ஐடி கார்டைத் தொங்கவிட்டுக்கொண்டு போகிற என்னால்தான் பேச முடிகிறது. எங்கள் ஆபீஸ் கேப் தம்பியால் பேச முடியாது. அவருக்கு சட்டம்தான் பேச வேண்டும். அரசாங்கம் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். அந்தச் சில வார்த்தைகளை அடித்துவிட்டு, மூணு என்றால் மூணு என்று எழுதட்டும்.

குடித்தனக்காரர்களுக்கு ஒன்று. கொடுக்கிற அட்வான்ஸை பேங்க் மூலமாகவே கொடுங்கள், ஒப்பந்தத்தில் தொகையை எழுத்தால் எழுதச் சொல்லுங்கள், பெயிண்டிங் பிடித்தம் உண்டா இல்லையா என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ரெண்டு மூணு பேர் கேட்டால் கேட்டைச் சாத்துவார்கள். எல்லாரும் கேட்டால் யாருக்குத்தான் வீட்டை விடுவார்கள்?

ஓனர்களுக்கும் ஒன்றே ஒன்று. இதைப் படிக்கிறவர்களில் என்னை மாதிரி ஒரு ஃப்ளாட்டோ மாடி போர்ஷனோ வாடகைக்கு விட்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்கள் குடித்தனக்காரர் கொடுத்த அட்வான்ஸ் இந்த நிமிஷம் எங்கே இருக்கிறது? நாளைக்கு அவர் ஃபோன் பண்ணி அப்பாவுக்கு உடம்பு முடியலை என்றால் எத்தனை நாளில் கொடுப்பீர்கள்? எனக்கு எழுத வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து உங்களுக்குள் ஒரு தரம் சொல்லிப் பாருங்கள்.

பி.கு: ஆதம்பாக்கம் ஓனர் முதல் தவணை ஐம்பதாயிரம் கொடுத்துவிட்டார். பையன் வந்து இறங்கியாயிற்று. சங்கிலி இன்னும் அடகுக் கடையில்தான். பங்குனிக்குள் மீட்டாக வேண்டும், மச்சினி வீட்டுக் கல்யாணம் இருக்கு. சாமான் கட்டும் வேலை பாக்கி இருப்பதால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.